அச்சமும் அபயதானமும்
(மகாவீரர் வீடுபேற்றுத் திருநாள் விழாவில் நிகழ்த்திய உரை)



மகாவீரப் பெருமான் பாவாபுரியில் வீடுபேறு எய்திய நாளையே நாம் தீபாவளியாகப் போற்றுகிறோம். அந்தத் தீபாவளிக்காகவே சிவகாசி வட்டாரத்து மக்கள் ஆண்டு முழுவதும் வெடிமருந்தோடு வாழ்கின்றனர். அங்கே அச்சம் இழிவன்று. ஓர் அறையில் இத்தனை பேர்தாம் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம், வாயில்களை அடைக்கலாகாது என்னும் விதிகளெல்லாம் அச்சம் ஈன்றவையே. அச்சம் விதியைக் காக்கச் சொன்னால் அது அறிவு. விதியை மறக்கச் சொன்னால் அது கேடு. வெடிகுண்டுக்கு நாடு அஞ்சும்போதும் இதுவே உண்மை என்பதை, இந்த விருதுநகர் வட்டாரத்தைச் சேர்ந்த இரு வழக்குகளைக் கொண்டு எடுத்துரைக்க விழைகிறேன்.

முதலாவது, 1933-ஆம் ஆண்டின் விருதுநகர் வெடிகுண்டு வழக்கு. அதில் குற்றம் சாட்டப்பட்டவர்களுள் ஒருவர் கு. காமராசர். அவருக்கு அப்போது வயது முப்பது. வெடிகுண்டு என்ற சொல்லே ஆங்கில ஆட்சியைக் கலங்க வைத்த காலம் அது. ஆயினும் அவருக்காக வாதாட டாக்டர் வரதராஜுலு நாயுடுவும், மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பும் முன்வந்தனர். குற்றப் பரம்பரைச் சட்டத்தால் துன்புற்ற மக்களுக்காகவும் போராடியவர் ஜோசப். குற்றச்சாட்டு ஆதாரமற்றதென அவர்கள் மெய்ப்பித்தனர். அன்று மீண்டவர் 1954-இல் தமிழகத்தின் முதலமைச்சரானார். அவரைக் காத்தது ஆட்சியாளரின் இரக்கமன்று. சான்று கேட்கும் நீதிமன்றமும், அஞ்சாமல் எழுந்து நின்ற வழக்கறிஞருமே காத்தனர்.

விடுதலை பெற்ற நாட்டில் இக்காவல் வலுப்பெற்றிருக்க வேண்டும். நடந்ததோ வேறு. 1985-இல் தடாச் சட்டம் வந்தது. காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாகக் கொள்வதை நம் பொதுவான சாட்சியச் சட்டம் மறுக்கிறது. அடித்தும் அச்சுறுத்தியும் அதைப் பெறலாம் என்பதே காரணம். 1987-இன் தடாச் சட்டமோ, காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி பதிவு செய்தால் அது செல்லும் என்றது. நாடெங்கும் 70,000-க்கும் மேற்பட்டோர் கைதாயினர். குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டவர்களோ மிகச் சிலரே. 1995-இல் அச்சட்டம் காலாவதியாயிற்று.

1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட கொடுமையை நாம் மறக்க இயலாது. அவ்வழக்கில் 1998-இல் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. மேல் விசாரணை என்ற ஒரு வாயில் அடைபட்டிருந்தால், அந்தப் பத்தொன்பது உயிர்களின் கதி என்ன?

இரண்டாவது வழக்குக்கு வருகிறேன். 2001 செப்டம்பரில் அமெரிக்காவிலும், டிசம்பர் 13-இல் நம் நாடாளுமன்றத்திலும் நிகழ்ந்த தாக்குதல்கள் நாட்டை உலுக்கின. 2002 மார்ச் 26 அன்று பொடா மசோதா நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியது. அப்போது சிவகாசித் தொகுதி உறுப்பினர் திரு. வைகோ. அச்சட்டத்தைக் கொண்டுவந்த கூட்டணியில் அவருடைய கட்சியும் இருந்தது. ஜூன் 29 அன்று திருமங்கலத்தில், தடை செய்யப்பட்ட விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார் என்பதற்காக, ஜூலை 11 அன்று அதே சட்டத்தின்கீழ் அவர் கைது செய்யப்பட்டார். ஏறத்தாழ 19 மாதங்கள் வேலூர்ச் சிறையில் இருந்தார்.

அவருடைய கருத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. நாம் எண்ண வேண்டியது வேறு. குண்டு வைப்போருக்கென இயற்றிய சட்டம், நான்கு மாதத்திற்குள் ஒரு மேடைப் பேச்சின்மேல் பாய்ந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினருக்கே இது நேருமாயின், பெயரறியா எளியவன் எங்கே நிற்பான்? பொடாச் சட்டம் செல்லும் என்ற உச்ச நீதிமன்றமே, பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நோக்கமின்றி வெறும் ஆதரவுக் கருத்தை உரைப்பது குற்றமாகாது என்று 2003 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. 2004-இல் பொடா நீக்கப்பட்டது. ஆயினும் அதன் கூறுகள் பல, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துள் புகுந்தன. இன்றும் அதன்கீழ் குற்றப்பத்திரிகை இன்றியே ஒருவரை 180 நாள் வரை காவலில் வைக்கலாம். பிணை கிடைப்பதும் அரிது.

"பயங்கரவாதிக்கு இரக்கமா?" என்று சிலர் வினவக்கூடும். கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நமக்குப் பயங்கரவாதம் கொடிய பாவமே. குற்றவாளி தண்டனை பெறவே வேண்டும். ஆனால் அவன்தான் குற்றவாளி என்று அறிவது எப்படி? சிலப்பதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். அரசியின் சிலம்பு களவு போனது உண்மை. ஆனால் களவாடிய பொற்கொல்லனே கோவலனைக் கள்வனென்று காட்டினான். பாண்டியன் ஆராயவில்லை. கோவலன் மாண்டான், உண்மைக் கள்வன் மறைந்துகொண்டான். பிழையை உணர்ந்த மன்னன் தன் உயிரையே ஈந்தும், கோவலன் உயிரை மீட்க இயலவில்லை. ஆராயாத தண்டனை நிரபராதியை அழிப்பதோடு நில்லாது, குற்றவாளிக்கும் அரணாகிறது.

தத்துவார்த்த சூத்திரம், விழிப்பின்மையால் உயிருக்கு ஊறு செய்வதை இம்சை என்கிறது. வெடிமருந்துக் கூடத்தில் விழிப்பின்மை இம்சையென்றால், நீதிமன்றத்திலும் அது இம்சையே.

நாம் செய்யக்கூடியது என்ன? கைது செய்தியைக் கேட்ட அளவிலே ஒருவரைக் குற்றவாளியென்று பேசாதிருப்போம். ஒருவன் சிக்கினால் அவன் சமயத்தையும் ஊரையும் சேர்த்துப் பழியாதிருப்போம். காவலில் உள்ளோர் எவரும், வருமானம் எதுவாயினும், இலவச சட்ட உதவி பெற 1987-இன் சட்டப்பணி ஆணையங்கள் சட்டம் உரிமை தருகிறது. மாவட்டந்தோறும் உள்ள ஆணைக்குழுவின் வழியை அறியாக் குடும்பங்களுக்குக் காட்டுவோம். சட்டம் பயிலும் நம் பிள்ளைகள் ஜோசப்பைப் போல் எழுந்து நிற்கட்டும்.

நம் முன்னோர் தானத்தை நான்கென வகுத்தனர். உணவும் மருந்தும் நூலும் நம் அறக்கட்டளைகள் வழங்கி வருகின்றன. நான்காவது அபயதானம், அஞ்சிய உயிருக்கு அஞ்சேல் என்று அடைக்கலம் தருவது. குண்டுக்கு அஞ்சும் குடிமகனுக்கும், குற்றமின்றிச் சிறைக்கு அஞ்சும் குடிமகனுக்கும் ஒருங்கே அவ்வபயம் கிட்டுவதே மக்களாட்சி. வீடுபேற்று நாளின் விளக்கொளியில் அவ்வறத்தை உறுதி கொள்வோம்.

வாழ்க ஜினதருமம்! வளர்க அஹிம்சை!