பதாகைகளை எண்ணுவதா, மனிதரை எண்ணுவதா?

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு காணும் நமது சங்கம், போதைப்பொருளிலிருந்து இளைஞரைக் காக்கும் பணியை ஏற்றிருக்கிறது. உப்பளத் தொழிலாளி வீட்டிலும் உத்தியோகத்தர் வீட்டிலும் தாய்மார் பிள்ளைகளை எண்ணிக் கலங்கும் காலமிது. பாலாவிச் சந்தியில் பதாகை கட்டுவதும் துண்டுப்பிரசுரம் கொடுப்பதும் நமக்குப் பழகியவை. அவற்றால் யார் பயனடைந்தார் என்று எப்படி அறிவோம்?

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1988 முதல் 1992 வரை நடந்த பணி இதற்கு வழிகாட்டுகிறது. போதை ஊசி ஏற்றுவோர் ஒரே ஊசியைப் பகிர்ந்ததால் அங்கே எச்.ஐ.வி. பரவியது. அப்பழக்கத்திலிருந்து மீண்டவர்களே அவர்களைத் தெருத்தெருவாகத் தேடிச் சென்று, தொற்றிலிருந்து தப்பும் வழிகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். தொற்று இல்லாத 641 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆண்டுக்கு நூற்றுக்கு 8.4 ஆக இருந்த புதிய தொற்று 2.4 ஆகக் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாததால், முழு மாற்றமும் அப்பணியால் மட்டுமே வந்தது என்று அறுதியிட முடியாது. ஆயினும் அவர்கள் எண்ணியது பிரசுரங்களை அல்ல, தப்பிய மனிதரை.

நம் நாட்டில் ஹெரோயினைப் பெரும்பாலும் புகையாகவே இழுக்கிறார்கள். ஊசி ஏற்றுவோர் குறைவு. இதை எண்ணி நாம் அசட்டையாக இருக்கலாகாது. சென்னையிலும் முன்னர் புகைத்தவர்களே 1990களில் ஊசிக்கு மாறினார்கள். அங்கும் தெருவுக்கே சென்று பணி செய்தார்கள். அதன் பலனை அளந்து 1998இல் வெளியிட்டார்கள். மேலும், போதையில் நேரும் பாதுகாப்பற்ற உறவாலும் எச்.ஐ.வி. தொற்றும். அது மனைவியரையும் வந்தடையும்.

ஆகவே சகோதரிகளே, நாம் மூன்றை மட்டும் எண்ணுவோம். ஒருமுறை சந்தித்தவர்களில் மறுமுறையும் நம்மோடு பேச வந்தவர் எத்தனை பேர்? அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இலவசமாக, இரகசியமாகப் பரிசோதனை செய்துகொண்டவர் எத்தனை பேர்? ஆறு மாதம் கழித்துக் கேட்கும்போது சிகிச்சையில் நிலைத்திருப்பவர் எத்தனை பேர்?

பெயர்களை எழுத வேண்டாம். ஊர் சிறியது, ஒரு பெயர் வெளியே வந்தால் அந்த வீட்டுக் கதவு நமக்கு என்றைக்கும் திறக்காது. பிள்ளையைத் திட்டப் போகிறவர்களாக அன்றி, தாயின் பக்கத்தில் அமரப் போகிறவர்களாக நாம் செல்வோம். எண்ணிக்கை சிறிதாயினும் அதை ஒளிக்காமல் அடுத்த ஆண்டறிக்கையில் எழுதுவோம்.