எண்ணிக்கை வேறு, அவை வேறு

(குமுக ஊடகங்களில் எழுதப் புகும் இளைஞர்களுக்கு ஆற்றப்பெற்ற உரை)



கன்றை இழந்த ஆவின்முன் வைக்கோற் கன்றை நிறுத்திப் பால் கறப்பது சிற்றூர்களில் பலரும் கண்ட காட்சி. ஆ அதனை நக்கும், மடியும் சுரக்கும். ஆனால் அந்தக் கன்று வளர்வதில்லை. முகநூலிலும் படவரியிலும் வலையொளியிலும் விலைக்குக் கிடைக்கும் 'பின்தொடர்வோர்' கூட்டம் அத்தகைய வைக்கோற் கன்றுகளின் கூட்டமே!

இது வெறும் உவமையன்று. அமெரிக்காவில் தேவுமி என்றொரு நிறுவனம் இருந்தது. நியூயார்க்கு முகவரியைக் காட்டிக்கொண்டு புளோரிடாவில் இயங்கிய அதன் முகவரியே பொய். அதன் சரக்கும் பொய். கீச்சகத்தில் தம் பின்தொடர்வோர் பெருகவேண்டும் என ஏங்கிய நடிகர்க்கும் விளையாட்டு வீரர்க்கும் எழுத்தாளர்க்கும் அது எந்திரக் கணக்குகளை விற்றது. 2018 சனவரியில் நியூயார்க்கு டைம்சு நாளிதழ் அதனை ஆராய்ந்து வெளியிட்டது. ஏறத்தாழ 35 இலக்கம் எந்திரக் கணக்குகளே கையிருப்பு. அவற்றையே மீண்டும் மீண்டும் விற்றுக் கொடுத்த பின்தொடர்வோரோ 20 கோடிக்கும் மேல்! அவற்றுள் குறைந்தது 55,000 கணக்குகள், உயிரோடு வாழும் மாந்தரின் பெயரையும் படத்தையும் ஊரையும் திருடி அமைக்கப்பெற்றவை. பள்ளிப் பருவப் பெண்ணின் முகமும் அத்திருட்டுக்குத் தப்பவில்லை. ஒருவர் புகழ் வாங்க, மற்றொருவர் முகம் விற்கப்பட்டது. இதனினும் இழிந்த வணிகம் உண்டோ?

விளைவு என்ன? 2018 சூலையில் கீச்சகம் ஐயத்துக்குரிய, முடக்கி வைத்திருந்த கணக்குகளை எண்ணிக்கையினின்று நீக்கியது. பெயர் பெற்ற பலர் ஓரிரு நாளில் இலக்கக் கணக்கில் பின்தொடர்வோரை இழந்தனர். 2019-இல் அமெரிக்க நடுவண் வணிக ஆணையம் தேவுமி மீது நடவடிக்கை எடுத்தது. போலிப் பின்தொடர்வோரையும் போலிப் பார்வைகளையும் விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் விதியை அவ்வாணையம் 2024-இல் இயற்றியது.

சட்டம் தண்டிக்குமுன்பே இப்பொய் தன்னைத் தானே தண்டித்துக்கொள்கிறது. இத்தளங்கள் ஒரு பதிவை எல்லார்க்கும் ஒருங்கே காட்டுவதில்லை. காண்போர் நின்று படித்தனரா, மறுமொழி எழுதினரா, பிறர்க்கு அனுப்பினரா என அளந்தே மேலும் பரப்புகின்றன. வைக்கோற் கன்று வாய் திறவாது. ஆதலின் பதினாயிரம் பொய்க் கணக்குகளை வாங்கியவரின் எழுத்து, அவ்வூமைக் கூட்டத்தின் நடுவிலேயே மடிந்துபோகும்.

பின் உண்மையான அவையைத் திரட்டுவது எங்ஙனம்? 2008-இல் கெவின் கெல்லி எனும் அமெரிக்க எழுத்தாளர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு படைப்பாளிக்கு ஆயிரம் உண்மை அன்பர் போதும். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 100 டாலர் அளித்தால் ஓரிலக்கம் டாலர் ஆகும் என்பது அவர் கணக்கு. தொகை நாட்டுக்கு நாடு மாறலாம், கருத்து மாறாது. 20 கோடிப் பொய்யினும் ஆயிரம் மெய் பெரிது!

அந்த ஆயிரவர் ஒருநாளில் வாரார். நன்கறிந்த ஒரு துறையைப் பற்றி எழுதுக. வாரம் ஒன்றாயினும் தவறாது எழுதுக. மறுமொழி இட்டவர்க்கு விடை தருக. பிழையைச் சுட்டிக் காட்டினால் திருத்தி, நன்றி கூறுக. பிறர் எழுத்து நன்றாயின் அதனைப் பெயர் சொல்லிப் பகிர்க. முதல் திங்களில் இருபதின்மரே படித்தாலும் சோர்வு வேண்டா. இருபதின்மர் திண்ணையில் வந்து அமர்ந்திருந்தால் வீட்டார் அவரை எண்ணிப் பார்த்து முகஞ்சுளிப்பரோ? நீர் கொடுத்து நலம் கேட்பர் அல்லரோ?

திரைக்கு அப்பால் இருப்பவரும் அவ்வாறு வந்த விருந்தினரே. அவரை எண்ணாகக் காண்பவர்க்கு எண்ணே எஞ்சும். ஆளாக மதிப்பவர்க்கே அவை அமையும்.