படம் தெரிகிறது, கேமரா திரும்பவில்லை

முன்பெல்லாம் வேலைக்காட்டில் ஆட்களைப் பார்த்துக்கொள்ளக் கங்காணி இருந்தார். கண்காணி என்ற சொல்தான் நம் வாயில் கங்காணி என்று ஆயிற்று. இன்றோ ஆலை வாசலிலும் உரக்கிடங்கிலும் கோவில் உண்டியலுக்கு மேலேயும் கண்காணிப்புக் கேமரா உட்கார்ந்திருக்கிறது. சம்பளமும் கேட்காது, தூங்கவும் தூங்காது. இவற்றில் ஒரு வகை, மோட்டார் பொருத்திய கேமரா. அறைக்குள் இருந்தபடியே ஒரு சிறு கைப்பிடியை அசைத்து அதை இடமும் வலமும் திருப்பலாம், மேலும் கீழும் சாய்க்கலாம், தொலைவில் நிற்கும் லாரியின் எண் பலகையைக் கிட்டத்தில் இழுத்துப் பார்க்கலாம். இதைப் பொருத்துகிற நாளில் அது திரும்ப மறுத்தால் குறை எங்கே என்று கண்டுபிடிப்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

வாத்தியாருக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். நம் பிள்ளைகளில் சிலர் இன்று இந்தத் தொழிலுக்குப் போகிறார்கள். பட்டணத்துக் குத்தகைக்காரரிடம் கையாளாகச் சேர்ந்து, ஏணி பிடித்து, கம்பி இழுத்துக் கற்றுக்கொள்கிறார்கள். மோட்டார் கேமரா விலை கூடியது. அது அசையாவிட்டால், ஏணியில் ஏறிய பையன்தான் கெடுத்துவிட்டான் என்ற பேச்சு உடனே கிளம்பும். சம்பளத்தில் பிடிப்பேன் என்பார்கள். ஆகவே குறையைக் கண்டுபிடிக்கும் அறிவு அவனுக்கு வெறும் படிப்பு அல்ல, மாதச் சம்பளத்தைக் காக்கிற காவல்.

பழைய வகை மோட்டார் கேமராவுக்கு மூன்று வழிகள் உண்டு. மின்சாரம் வரும் வழி ஒன்று. பெரும்பாலும் 24 வோல்ட் மாறுமின்சாரம். படம் போகும் வழி இன்னொன்று. அது தடித்த கறுப்புக் கேபிள். மூன்றாவது, கட்டளை போகும் வழி. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு மெல்லிய கம்பிகள். படம் தெரிந்துவிட்டால் முதல் இரண்டு வழிகளும் ஓரளவு சரி என்று தெரிந்துகொள்ளலாம். "படம் வருகிறதே, பின் ஏன் திரும்பவில்லை?" என்று குழம்ப வேண்டியதில்லை. படத்துக்கும் திரும்புவதற்கும் வழி வேறு வேறு.

மின்சாரம் கொடுத்த உடனே இந்தக் கேமராக்களில் பெரும்பாலானவை தாமாகவே ஒரு சுற்றுச் சுற்றி, மேலும் கீழும் பார்த்துவிட்டு நிற்கும். உடம்பை முறித்துக்கொள்வது போல. இதை ஏணிக்குக் கீழே நின்று கவனித்துப் பார்க்க வேண்டும். அப்படிச் சுற்றினால் மோட்டார் நலமாக இருக்கிறது, குறை கட்டளை வழியில்தான். சுற்றவே இல்லை என்றால் மூடியைத் திறந்து பாருங்கள். பெட்டியில் வரும்போது ஆடாமல் இருக்க வைத்த நுரைத்துண்டையோ ஒட்டுத்தாளையோ எடுக்காமல் மேலே ஏற்றிவிடுவது உண்டு. மோட்டார் பாவம், கட்டிப்போட்ட மாடு போல முக்கிக்கொண்டிருக்கும்.

இனிக் கட்டளை வழிக்கு வருவோம். இதுதான் சுவையான இடம். பெரட்டுக் களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். கிராணி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுகிறார். எல்லார் காதிலும் எல்லாப் பேரும் விழுகிறது. ஆனால் தன் பேர் வந்தால்தான் ஒருவர் குரல் கொடுக்கிறார். மோட்டார் கேமராவும் இப்படித்தான். ஒரே இரட்டைக் கம்பியில் பல கேமராக்களைத் தொடுக்கலாம். 1983-இல் வகுக்கப்பட்ட ஆர்.எஸ். 485 என்னும் முறை இது. கட்டுப்பாட்டுப் பெட்டி "3-ஆம் எண், இடப்பக்கம் திரும்பு" என்று சொன்னால், அந்தச் செய்தி எல்லாக் கேமராக்களுக்கும் போகும். 3 என்ற எண் வைத்திருப்பது மட்டுமே திரும்பும்.

எனவே மூன்று பொருத்தம் வேண்டும். பேசும் மொழி ஒன்றாக இருக்க வேண்டும். பெல்கோ டி, பெல்கோ பி என்று இரண்டு மொழிகள் பெருவழக்கில் உள்ளன. ஒன்றைப் பேசினால் மற்றது தெரிந்த கேமராவுக்கு விளங்காது. பேசும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். விநாடிக்கு 2400, 4800, 9600 பிட் என்பவை வழக்கமான வேகங்கள். மூன்றாவது, கேமராவின் எண்.

என்னிடம் படித்த ஒரு பையன், ஓர் ஆலையில் நான்கு மோட்டார் கேமராக்களைப் பொருத்தும் வேலையில் இருந்தான். 1-ஆவதும் 2-ஆவதும் திரும்பின. 3-ஆவதும் 4-ஆவதும் அசையவில்லை. இரண்டையும் கெடுத்துவிட்டாய் என்று முதலாளி சொல்லிவிட்டார். இரவு எனக்குத் தொலைபேசியில் பேசினான். "எண்ணை எப்படி வைத்தாய் தம்பி?" என்று கேட்டேன். கேமராவுக்குள் எட்டுச் சிறு சுவிட்சுகள் வரிசையாக இருக்கின்றன சார், முதல் கேமராவில் முதல் சுவிட்சு, இரண்டாவதில் இரண்டாவது, மூன்றாவதில் மூன்றாவது, நான்காவதில் நான்காவது என்று ஏற்றிவைத்தேன் என்றான்.

சங்கதி அங்கேதான் இருந்தது. அந்தச் சுவிட்சுகளின் மதிப்பு 1, 2, 3, 4 அல்ல. 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும். மேலே ஏற்றிய சுவிட்சுகளின் மதிப்பைக் கூட்டினால் வருவதே கேமராவின் எண். முதலிரண்டும் தற்செயலாகப் பொருந்திவிட்டன. மூன்றாவது சுவிட்சை மட்டும் ஏற்றியதால் மூன்றாவது கேமராவின் எண் 4 ஆகிவிட்டது. நான்காவது கேமரா 8 ஆகிவிட்டது. "காலையில் நான்கு படத்தையும் ஒரே திரையில் வைத்துக்கொண்டு 4-ஆம் எண்ணைக் கூப்பிட்டுப் பார்" என்றேன். மறுநாள் கூப்பிட்டான். மூன்றாவது கேமரா திரும்பியது! பிறகு மூன்றாவதில் முதல் இரண்டு சுவிட்சுகளையும், நான்காவதில் மூன்றாவது சுவிட்சை மட்டும் ஏற்றினான். மின்சாரத்தை நிறுத்திக் கொடுத்ததும் இரண்டும் வேலை செய்தன. சம்பளப் பிடித்தம் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

எண்ணும் மொழியும் வேகமும் சரியாக இருந்தும் அசையவில்லையா? இரட்டைக் கம்பியில் ஒன்று கூட்டல், மற்றது கழித்தல். இடம் மாறியிருக்கலாம். மாற்றிப் பூட்டிப் பாருங்கள், கெடுதல் ஒன்றும் வராது. அடுத்து, கம்பி ஒரு கேமராவிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும். நடுவிலிருந்து மரக்கிளை போலப் பிரித்துவிட்டால் செய்தி ஒவ்வொரு கிளை நுனியிலும் மோதித் திரும்பும். மலையடிவாரத்தில் கூவினால் எதிரொலி வருமே, அது போல. இதைத் தணிக்கத்தான் சங்கிலியின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை வைக்கிறார்கள். இடையில் உள்ள கேமராக்களில் வைக்கக்கூடாது.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். கைப்பிடியை விட்ட பிறகும் சில கேமராக்கள் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். "திரும்பு" என்பது ஒரு கட்டளை, "நில்" என்பது தனிக் கட்டளை. எதிரொலியிலோ இரைச்சலிலோ அந்த "நில்" கலைந்துபோனால் கேமராவுக்கு நிற்கத் தெரியாது. மோட்டாரைக் குறை சொல்லாமல் கம்பியைப் பாருங்கள்.

பகலில் ஒழுங்காக இருந்துவிட்டு, இரவில் தானாகவே அணைந்து, மறுபடி எழுந்து சுற்றுகிற கேமராவும் உண்டு. பேய் பிடித்துவிட்டது என்று சொல்பவர்களை நானே கேட்டிருக்கிறேன். பேய் இல்லை, மெல்லிய கம்பி. அரைச் சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை 100 மீட்டருக்கு இழுத்தால், போகவும் வரவும் 200 மீட்டர். அதன் தடை ஏறக்குறைய 7 ஓம். 1 ஆம்பியர் ஓடினால் 7 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். 24 புறப்பட்டால் 17 தான் போய்ச் சேரும். இரவு விளக்கும் மோட்டாரும் சேர்ந்து இழுக்கிற நேரத்தில் அது போதாது. தடித்த கம்பி போட வேண்டும், அல்லது மின்மாற்றியைக் கேமராவுக்கு அருகில் வைக்க வேண்டும். அளப்பதானால் அறையில் அளந்து பயனில்லை. கேமரா முனையில், அது திரும்பிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். மின்மாற்றியின் 230 வோல்ட் பக்கத்தை மட்டும் சான்றிதழ் பெற்ற வயர்மேனிடம் விட்டுவிடுங்கள். பெற்றோர்களே, இதைப் பிள்ளைகளிடம் கண்டித்துச் சொல்லுங்கள்.

புதிய வகைக் கேமராக்களில் மூன்று வழியும் ஒரே வலைக் கேபிளில் அடங்கிவிடும். அங்கே சுவிட்சு எண்ணும் இல்லை, கூட்டல் கழித்தலும் இல்லை. ஆனால் பசி அதே பசிதான். 15.4 வாட் தருகிற சுவிட்சுப் பெட்டியில், 30 வாட் கேட்கிற மோட்டார் கேமராவைச் செருகினால், படம் காட்டிவிட்டுத் திரும்பும்போது அணைந்துபோகும். சிலவற்றில் படம் பார்க்க மட்டும் அனுமதி உள்ள பயனர் பெயரில் நுழைந்துவிட்டு, திரும்பவில்லையே என்று திண்டாடுவார்கள். திருப்பும் அனுமதி உள்ள பெயரில் நுழைந்தால் போதும்.

கேமராவை உயரத்தில் பூட்டுவதற்கு முன், தரையில் மேசைமேல் வைத்து, ஒரு முழக் கம்பியில் எல்லாவற்றையும் இயக்கிப் பார்த்துவிடுவது நல்லது. அங்கே திரும்பி, மேலே திரும்பாவிட்டால் குறை இடையில் உள்ள கம்பியில் என்று கையோடு தெரிந்துவிடும். ஏணியில் பத்துத் தடவை ஏறி இறங்குவதும் மிச்சம்.

ஏணியை மடக்குவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. சுற்றும் கேமரா எல்லாப் பக்கமும் பார்க்கும். லயத்துச் சன்னலும் குளியலறைப் பக்கமும் அதன் கண்ணில் படக்கூடாது. எந்த அளவுக்கு மேல் திரும்பக்கூடாது என்று எல்லை வைக்கவும், குறிப்பிட்ட இடத்தைத் திரையில் கறுப்பாக மறைக்கவும் பல கேமராக்களில் வசதி உண்டு. குடியிருப்புப் பக்கம் கேமரா வைத்தால், அதை அமைத்துத் திரையில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுப் பெண்களும் கூட வந்து பார்க்கட்டும்.