பொம்மை வாத்தும் மெய் வாத்தும்

வாத்து கூட்டத்தை நாடும் பறவை என்பதை நாம் அறிவோம். தன் இனம் அமைதியாக மேயும் இடத்தைக் கண்டால், அங்கே ஆபத்தில்லை என்று நம்பி இறங்கும். பழந்தமிழர் மானைப் பிடிக்கப் பழக்கிய மானைக் கட்டி வைத்தனர். அதற்குப் 'பார்வை' என்று பெயர். வட அமெரிக்காவிலும் இத்தகைய உத்தி உண்டு. நெவாடா மாநிலத்து லவ்லாக் குகையில் கோரையால் செய்த பொம்மை வாத்துகள் 1924-ஆம் ஆண்டு கிடைத்தன. அவற்றின் வயது ஏறத்தாழ 2,000 ஆண்டுகள்!

இன்றைய வேட்டைக்காரர்கள் வாத்துப் பொம்மைகளோடு பெருவாத்துப் பொம்மைகளையும் வைக்கிறார்கள். ஏன்? பெருவாத்து உருவில் பெரியது. தொலைவிலிருந்தே கண்ணில் படும். எளிதில் இறங்காத எச்சரிக்கையான பறவை. அதுவே இறங்கியிருக்கிறது என்றால் வாத்துகளுக்குத் துணிவு பிறக்கிறது. ஆனால் இரண்டையும் கண்டபடி கலப்பதில்லை. நீர்ப்பறவைகள் அருகருகே இருந்தாலும் பெரும்பாலும் இனம் இனமாகவே சேரும். ஆகவே இரண்டு கூட்டமாக வைத்து, நடுவே வெளி விடுகிறார்கள். பறவைகள் காற்றை எதிர்த்து இறங்குவதால், காற்று வீசிச் செல்லும் பக்கம் அவ்வெளி திறந்திருக்கும்.

ஏமாற்றுக்கும் எல்லை வேண்டும் அல்லவா? முன்பு உயிருள்ள வாத்துகளையே கட்டி வைத்தனர். பறவைகள் குறைந்து வரவே, 1935-இல் அமெரிக்க அரசு அதைத் தடை செய்தது. சிதறிய ஈயக் குண்டுகளைத் தின்ற வாத்துகள் நஞ்சேறி மடிந்தன. 1991-இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டும் நாடெங்கும் தடையாயிற்று. பறவையின் நம்பிக்கையைப் பயன்படுத்துகிறவனுக்கு, அதன் இனத்தைக் காக்கும் கடமையும் உண்டு. இதை நாம் மறவாதிருப்போம்.