பொற்கோட்டுக் கரையில் ஒரு வெயில் நாள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், சைக்கிள் பயணக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)



சென்ற சித்திரைத் திங்களில் நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒன்பது பேர், ஜாம்ஷெட்பூரிலிருந்து காட்சிலா வரையில், சுவர்ணரேகை ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே சைக்கிளில் சென்றோம். அப்பயணத்தைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு சங்கத்தார் எங்களைப் பணித்துள்ளனர். தொலைவு ஏறத்தாழ 45 கிலோமீட்டர்தான். இதனினும் பன்மடங்கு தொலைவைச் சைக்கிளில் கடப்போர் இந்நாளில் பலர் உளர். ஆகவே வீரச்செயல் ஒன்றை விரித்துரைக்க நாங்கள் இங்கு வந்து நிற்கவில்லை. எந்த ஆற்றின் நீரை நாள்தோறும் பருகுகின்றோமோ, அந்த ஆற்றோடு ஒரு பகல் முழுதும் உடன் சென்றோம். அங்கே கண்டவற்றையும், கேட்ட ஒரு கேள்வியையும் உங்கள்முன் வைப்பதே எங்கள் நோக்கம்.

சுவர்ணரேகை என்னும் பெயருக்குப் பொற்கோடு என்பது பொருள். பெயர் வெறும் புனைவன்று. இவ்வாற்று மணலில் பொற்றுகள் உண்டு; மணலை மரத்தட்டில் இட்டு அரித்துப் பொன் எடுக்கும் தொழில் இக்கரைகளில் வழிவழியாக நடந்து வந்திருக்கிறது. ராஞ்சிக்கு அருகே தோன்றும் இவ்வாறு, ஹுண்ட்ரு அருவியில் 98 மீட்டர் உயரத்தினின்று வீழ்ந்து, நம் நகரின் எல்லையில் கர்காய் ஆற்றைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. பின்னர் மேற்கு வங்கத்தையும் ஒடிசாவையும் கடந்து வங்கக் கடலை அடைகிறது. மொத்த நீளம் 395 கிலோமீட்டர்.

1907ஆம் ஆண்டில் இரும்பாலை அமைக்கும் நிறுவனம் பதிவான காலத்தில், அதற்கு இடம் தேடி அலைந்தவர்கள் இறுதியாக இவ்விடத்தைத் தேர்ந்தனர். இரண்டு ஆறுகள் கூடுமிடம் அருகில் இருந்தது. காளிமாட்டி ரயில் நிலையமும் அருகில் இருந்தது. 1912இல் இங்கு முதன்முதலாக எஃகு வார்க்கப்பட்டது. ஆறு இல்லையேல் ஆலை இல்லை. ஆலை இல்லையேல் தென்கோடியிலிருந்து வந்து இங்கே குடியேறிய நம் முன்னோர்க்கு வேலையும் இல்லை. இதை நினைவிற் கொண்டே நாங்கள் வழி தேர்ந்தோம்.

சைக்கிள்கள் யாவும் நாள்தோறும் வேலைக்கும் கடைத்தெருவுக்கும் செல்லும் சாதாரணச் சைக்கிள்களே. செயினுக்கு எண்ணெய் இட்டோம். பிரேக் கட்டைகளை மாற்றினோம். ஒட்டுப் போட்ட பழைய டியூப்களை அகற்றிப் புதியவை இட்டோம். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீரும், சிறு பொட்டலத்தில் உப்பும் வெல்லமும், தலைக்கு ஒரு பருத்தித் துண்டும் எடுத்துக்கொண்டோம். எங்களுள் இருவர் மகளிர். இருவர் கல்லூரி மாணவர். ஒருவர் பணி ஓய்வு பெற்ற பெரியவர். மாலையில் எல்லாரையும் சைக்கிள்களோடு ஏற்றிவர ஒரு சிறு லாரிக்கும் ஏற்பாடு செய்திருந்தோம்.

விடியுமுன் நாலரை மணிக்குப் புறப்பட்டு மாங்கோ பாலத்தைக் கடந்தோம். கீழே ஆறு கருஞ்சாந்து பூசினாற்போல் அசைவற்றுக் கிடந்தது. இடப்புறம், யானைகளுக்குப் பேர்பெற்ற தால்மா மலைத்தொடர் மெல்ல மெல்ல உருப்பெற்றது. சற்று வெளிச்சம் வந்ததும், சாலைக்கு அப்பால் மரத்தடிகளில் பெண்களும் சிறுவர்களும் குனிந்து எதையோ பொறுக்குவதைக் கண்டோம். அவர்கள் பொறுக்கியவை மஹுவா மலர்கள். மஹுவா வேறு எதுவுமன்று. நம் இலுப்பையின் இனமே. இரவெல்லாம் உதிரும் அம்மலரைப் புலரியில் கூட்டிச் சேர்த்து உலர்த்தி, உணவாகவும் விற்பனைப் பொருளாகவும் கொள்கின்றனர். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்பது நம்மவர் பழமொழி. நாட்டிலேயே பேர்பெற்ற ஆலை நிற்கும் ஊருக்கு அடுத்த சிற்றூர்களில் இன்றும் இலுப்பைப்பூ ஒரு குடும்பத்தின் பல நாள் வருவாயாக இருப்பதைக் கண்டபோது, அப்பழமொழி எங்களுக்கு நகைப்பைத் தரவில்லை.

எட்டு மணி வரை பயணம் இன்பமாகவே இருந்தது. சைக்கிளின் சிறப்பே இதுதான். நடப்பவனைப்போல் மூன்று மடங்கு விரைவு. ஆயினும் சாலையோரத்துச் சிறுவன் கையசைத்தால் பதிலுக்குக் கையசைக்கவும், சால மரத்தின் தளிர்மணத்தை நுகரவும் போதிய நிதானம் உண்டு. ரயிலில் இவ்வழியே எத்தனையோ முறை சென்றிருக்கின்றோம். ரயிலின் சன்னலில் இவ்வூர்கள் ஓடி மறையும். சைக்கிளில் ஒவ்வோர் ஊரும் நம்மை நோக்கி வந்து, நின்று, முகம் காட்டிப் போகும்.

எட்டு மணிக்குப் பின் வெயில் தன் கைவரிசையைக் காட்டத் தொடங்கிற்று. அகலப்படுத்தப்பட்ட நெடுஞ்சாலையில் நிழல் அரிது. இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வந்தது. ஜாம்ஷெட்ஜி டாடா 1902ஆம் ஆண்டில் தம் மகனுக்கு எழுதிய கடிதத்தில், உருவாகப்போகும் ஆலை நகரத்தின் வீதிகள் அகலமாக இருக்கவேண்டும்; அவற்றில் நிழல் தரும் மரங்களை நட வேண்டும்; அவற்றிலும் விரைந்து வளரும் மரங்கள் பல இருத்தல் வேண்டும் என்று அறிவுறுத்தியிருந்தார். நகரமே தோன்றாத காலத்தில் அதன் நிழலைப்பற்றி எண்ணியவர் அவர். அந்நகரத்து நிழலிலேயே நாள்தோறும் செல்லும் நமக்கு, நிழலின் விலை நெடுஞ்சாலையில்தான் விளங்குகிறது.

வெயிலில் சைக்கிள் ஓட்டுவோர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. உடல் தன் சூட்டைப் பெரும்பாலும் வியர்வையாலேயே தணித்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடலினின்று எடுத்துச் செல்கிறது. சைக்கிள் ஓடும்போது எதிர்க்காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடும். சட்டை நனையாது, ஆகவே நீர் இழப்பது நமக்குத் தெரியாது. உலர்ந்த அனற்காற்று வீசும் இப்பகுதியிலே இது பேரிடர். தாகம் எடுத்த பின் குடிப்போம் என்று காத்திருப்பவன், குடிக்கும்போது ஏற்கெனவே வறண்டிருப்பான். கால்மணிக்கு ஒரு முறை சில மிடறு என்னும் கணக்கை நாங்கள் வைத்துக்கொண்டோம்.

காலுடியில் நெடுஞ்சாலையை விட்டு விலகி, ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட தடுப்பணையைக் கண்டோம். அங்கிருந்து கரையோரத்து மண்வழியைப் பிடித்தோம். அவ்வழியில் முள் தைத்து அடுத்தடுத்து மூன்று டியூப்கள் பஞ்சர் ஆயின. ஒட்டுப்போட்டு முடிக்கையில் மணி பதினொன்றைக் கடந்துவிட்டது. சைக்கிளின் இரும்பைத் தொட முடியவில்லை. எங்களோடு வந்த பெரியவர், தலை சுற்றுகிறது என்று கூறி மணலில் அமர்ந்துவிட்டார். முகம் வெளுத்து, கைகால்கள் சில்லிட்டிருந்தன. வியர்வை ஆறாய்ப் பெருகிற்று. எங்களிடம் இருந்த தண்ணீரோ வெந்நீராகிவிட்டிருந்தது.

இருநூறு அடி தொலைவில் ஒரு சந்தால் குடியிருப்பு இருந்தது. அங்கிருந்து ஓர் அம்மையார் எங்களைக் கண்டு விரைந்து வந்தார். ஒரு சொல்லும் கேட்கவில்லை. கைத்தாங்கலாக அவரைத் தம் வீட்டிற்குள் அழைத்துச் சென்றார். தடித்த மண்சுவர், ஓட்டுக்கூரை, சாணமிட்டு மெழுகிய தரை. உள்ளே நுழைந்ததும் வேறொரு பருவத்திற்குள் புகுந்தாற்போல் இருந்தது. பெரியவரைப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்தினோம். நனைந்த துணியைக் கழுத்திலும் மார்பிலும் இட்டு விசிறினோம். அவர் தெளிந்து பேசத் தொடங்கியதும் அம்மையார் ஒரு கிண்ணம் கொணர்ந்து கொடுத்தார். அதில் இருந்தது என்ன தெரியுமா? முதல்நாள் சோற்றில் ஊற்றிவைத்த நீர், அதில் உப்பு, உடன் ஒரு வெங்காயமும் பச்சை மிளகாயும்!

நம் பாட்டிமார் சட்டியில் வைத்திருந்த அதே நீராகாரம். அதைப் பருகியதும் பெரியவர் கண்களில் நீர் துளிர்த்தது. மயக்கம் தெளிந்ததனால் மட்டும் வந்த நீரன்று அது.

உப்பும் இனிப்பும் கலந்த நீர் உயிர் காக்கும் என்பதை, 1971இல் மேற்கு வங்கத்துப் போங்காவ் அகதி முகாமில் வாந்திபேதியால் வாடிய மக்களிடையே மருத்துவர் திலீப் மகலனபிஸ் உலகறியக் காட்டினார். வெயிலுக்கு உப்பிட்ட சோற்று நீர் என்னும் அறிவோ, நெல் விளையும் நாடுகளின் அடுக்களைகளில் நெடுங்காலமாக வாழ்ந்து வருகிறது. இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். மயங்கியவருக்கு நினைவு தடுமாறினால், அல்லது உடல் நெருப்பாய்க் கொதித்தால், அது வெப்பத் தாக்கு. அப்போது வாயில் எதையும் ஊற்றாமல், உடலைக் குளிர நனைத்துக்கொண்டே உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

நான்கு மணி வரை அவ்வீட்டுத் திண்ணையிலேயே தங்கினோம். வீட்டுத் தலைவர் முதியவர். இந்தி நன்றாகப் பேசினார். சால இலைகளைத் தைத்தவாறே எங்களுள் இளையவனை நோக்கி, "உங்கள் ஊர் எந்த ஆற்றின் கரை?" என்று வினவினார். அம்மாணவன் பிறந்ததும் வளர்ந்ததும் ஜாம்ஷெட்பூரில். ஆயினும் வீட்டில் கேட்ட பழக்கத்தால், "காவிரி" என்று விடை கூறினான். முதியவர் தலையசைத்தார். "இப்போது அதில் தண்ணீர் இருக்கிறதா?" என்று அடுத்துக் கேட்டார். அவனுக்கு விடை தெரியவில்லை. பணி ஓய்வு பெற்ற பெரியவர் படுத்தபடியே, மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள். அதுவரை மணல்தான் என்று கூறினார்.

"இங்கே இப்போது முழங்கால் ஆழம்" என்றார் முதியவர். வெயில் தாழ்ந்ததும் இளைஞர்களை அழைத்துச் சென்று, எங்கே மணல் இறுகியிருக்கும், எங்கே கால் புதையும், ஆடியில் நீர் எந்தப் பாறை வரை ஏறும் என்பவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஓர் ஆறு ஒருவனுக்கு உரியது என்றால் என்ன பொருள் என்பதை அன்று அவ்விளைஞர்கள் கற்றனர். சந்தாலி மொழியில் இரண்டு சொற்களையும் கற்று வந்தனர். ஒன்று ஜோஹார், வணக்கம் என்று பொருள். மற்றொன்று தாக், அதன் பொருள் தண்ணீர்.

அன்பர்களே! அம்மொழியின் வரலாறு தமிழ்ச் சங்கத்தில் கூறத்தக்கது. தனக்கென ஓர் எழுத்தின்றி வாழ்ந்த சந்தாலி மொழிக்கு, 1925இல் ரகுநாத் முர்மு என்னும் பெரியார் ஓல் சிக்கி என்ற தனி எழுத்தை வகுத்தார். 2003இல் இயற்றப்பட்ட 92ஆவது திருத்தத்தின் வாயிலாக அம்மொழி அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம் பெற்றது. தாய்மொழியைக் காக்க அயலூரில் சங்கம் கண்ட நம்மைப்போல் அவர் உழைப்பின் அருமையை உணர வல்லவர் யார்?

மாலையில் காட்சிலாவை அடைந்தோம். 'பதேர் பாஞ்சாலி' என்னும் புதினத்தை ஆக்கிய விபூதிபூஷண் பந்தோபாத்யாய் 1950இல் மறைந்த ஊர் இது. அவர் வாழ்ந்த இல்லத்தைக் கண்டு வணங்கினோம். பின் ஆற்றில் இறங்கி, பாறைகளிடையே ஓடும் நீரில் கால்களை நனைத்தோம். கதிரவன் மறைகையில் ஆறு தன் பெயருக்கேற்பப் பொற்கோடாய் ஒளிர்ந்தது. ஆயினும், உண்மையைக் கூறவேண்டும்: எல்லா இடத்தும் அது தூய்மையாக இல்லை. நகரங்களின் சாக்கடையும், ஆலைகளின் கழிவும், சுரங்க மண்ணும் இவ்வாற்றில் கலக்கின்றன. அக்கழிவில் நம் வீட்டுக் கழிவும் உண்டு. அந்நீர் கீழே பாய்ந்து, எங்களுக்கு நீராகாரம் தந்த அம்மையாரின் ஊர்த்துறைக்கே செல்கின்றது.

காவிரியை மறக்கவேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. தாயை மறந்து வளர்த்தவளைப் போற்றுவது அறமன்று. வளர்த்தவளின் முகத்தையே பாராமல் தாயை மட்டும் பாடுவதும் அறமன்று. நம் பிள்ளைகள் பொருநையையும் வையையையும் நூல்களில் கற்கட்டும். அதனோடு, அடுத்த வீதிக்கு அப்பால் ஓடும் ஆற்றில் இன்று எவ்வளவு நீர் ஓடுகின்றது என்பதையும் சென்று பார்க்கட்டும். அறிந்த ஆற்றைத்தான் காக்க மனம் எழும்.

தை முதல் நாளில் நம் வீடுகளில் பொங்கல் பொங்கும். அதே மகர சங்கராந்தியன்று இவ்வட்டாரத்து மக்கள் டுசு விழாக் கொண்டாடி, வண்ணத்தாளால் அணிசெய்த சிறு தேர்களைப் பாட்டொலியோடு இவ்வாற்றுத் துறைகளுக்கு எடுத்து வருகின்றனர். வரும் பொங்கலன்று பிற்பகலில், சுவர்ணரேகையும் கர்காயும் கூடும் தோமுஹானித் துறைக்குச் சைக்கிளில் செல்ல எண்ணியுள்ளோம். அப்போது வெயில் இராது, மேடும் மிகுதியில்லை. சிறுவரும் மகளிரும் தாராளமாக வரலாம். வருவோர் சைக்கிளுக்குக் காற்றடித்து, ஒரு தூக்கில் பொங்கலும் எடுத்துவருமாறு வேண்டுகின்றோம். அங்கே பகிர்ந்துண்ண ஆட்கள் இருப்பார்கள்.