பலம் கையிலா, முன்காலிலா?



டிஸ்க் கோல்ப், பிளாஸ்டிக் தட்டை வீசிச் சங்கிலி தொங்கும் கூடைக்குள் விழச் செய்யும் விளையாட்டு. 1975-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் இதற்கென நிரந்தரத் திடலை அமைத்தார்.

இதில் புறங்கை வீச்சுக்குக் கைதான் பலம் என்று எண்ணித் தோளை வருத்திக் கொள்பவர்கள் பலர். உண்மையில் முன்கால் ஊன்றாமல் தூரம் வராது.

ஓடும் பேருந்தில் திடீரென பிரேக் போட்டால் என்ன ஆகிறது? பேருந்து நிற்கிறது, நின்றுகொண்டு வருபவர் முன்னே பாய்கிறார். இங்கும் அதே கதைதான். வலது கைக்காரர் நடந்து வந்து வலது காலை ஊன்றுகிறார். அந்தக் கால் உறுதியாக நின்றால், இடுப்பின் முன்னோட்டம் தடைபட்டுச் சுழற்சியாக மாறுகிறது. இடுப்பு தோளையும், தோள் கையையும், கை தட்டையும் இழுத்துச் செல்கிறது. முட்டி மடங்கிக் கால்விரல்களைத் தாண்டிச் சரிந்தால், வந்த வேகம் வீணாகிறது.

ஆனால் உறுதி வேறு, விறைப்பு வேறு. முட்டியைச் சற்று மடக்கியபடி காலை ஊன்றி, பிறகு நிமிர்த்த வேண்டும். தட்டு கையை விட்டதும் குதிகாலில் பாதம் திரும்ப வேண்டும். பாதம் தரையில் ஒட்டியிருக்க உடல் மட்டும் சுழன்றால், அந்தத் திருகலை முட்டிதான் தாங்க வேண்டும்.

முதலில் ஓட்டம் வேண்டாம். ஓரடி வைத்து, காலை ஊன்றிய பிறகே கையை இழுத்துப் பழகுங்கள். வீசி முடித்ததும் முன்காலில் தடுமாறாமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். அது கைவந்த பிறகு வேகத்தைக் கூட்டலாம். அதுவரை தூரம் சில மீட்டர் குறைந்தால் நட்டமில்லை; முட்டி கெட்டால்தான் நட்டம்.