ஒரு மாலை இசையும் ஆறாண்டு உழைப்பும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில், கடல் கடந்த நகரொன்றில் நடந்த இசை நிகழ்ச்சியைப் பற்றிப் பேச விழைகிறேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் செய்தி நமக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். 1946ஆம் ஆண்டிலேயே அண்ணல் அம்பேத்கர், அம்மக்களின் பேரறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்கு மடல் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்கு அவர்கள் சார்பில் அளிக்கப்பட்ட முறையீட்டின் படிகளைக் கேட்டார். அண்ணல் நோக்கிய திசையையே நானும் நோக்குகிறேன்.

மேரிலாந்து மாநிலத்தில் பால்டிமோர் என்பது ஒரு துறைமுக நகரம். அங்கு வாழ்வோரில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், ஃபிரெடி கிரே என்னும் இளைஞரைக் காவலர் கைது செய்து வண்டியில் ஏற்றிச் சென்றனர். நம் கழகத்தின் வயதுதான் அவருக்கும், இருபத்தைந்து. அப்பயணத்தில் அவருடைய கழுத்துத் தண்டுவடம் சிதைந்தது. ஒரு வாரம் கழித்து அவர் உயிர் நீத்தார். அவரை அடக்கம் செய்த நாளில் நகரில் கலவரம் மூண்டது, ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. ஆறு காவலர்மீது வழக்குத் தொடரப்பட்டது.

அவ்வேளையில் பிரின்ஸ் என்னும் புகழ்பெற்ற இசைக் கலைஞர் அந்நகருக்கு வந்தார். மே 10ஆம் நாள், அன்னையர் நாளன்று, அக்காலத்தில் ராயல் ஃபார்ம்ஸ் என்று வழங்கிய அரங்கில் அமைதிக்கான இசை நிகழ்ச்சியை நடத்தினார். அந்நகரின் பெயராலேயே ஒரு பாடலையும் இயற்றியிருந்தார். வருவோர் சாம்பல் நிற உடை அணியுமாறு வேண்டப்பட்டனர். கிரே என்னும் சொல்லுக்கு அதுவே பொருள். வருவாயில் ஒரு பகுதி அந்நகர் இளைஞர் நல அமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்டது. இன்றைய அமைப்புமுறை பழுதுபட்டுவிட்டது, இளைஞரே அதனைச் சீர்செய்ய வேண்டும் என்னும் பொருள்பட அவர் மேடையில் பேசினார்.

இசை முடிந்தது. நீதி கிடைத்ததா? 2016ஆம் ஆண்டு ஜூலைக்குள் மூன்று காவலர் விடுவிக்கப்பட்டனர். எஞ்சியோர்மீதான வழக்குகள் கைவிடப்பட்டன. பிரின்ஸ் அவர்களும் அவ்வாண்டு ஏப்ரலில் மறைந்தார். பாடியவரும் இல்லை, தண்டனையும் இல்லை.

ஆயினும் அந்நகர மக்கள் ஓய்ந்துவிடவில்லை. 2016 ஆகஸ்டில் அமெரிக்க நீதித்துறை, பால்டிமோர்க் காவல்துறை அரசியலமைப்புக்கு மாறாக மக்களைத் தடுத்து நிறுத்தியதையும் கைது செய்ததையும் விரிவாக எடுத்துரைத்தது. 2017 ஏப்ரலில் சீர்திருத்த உடன்படிக்கைக்கு நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. காவலருக்குத் தனிப் பாதுகாப்பு அளிக்கும் சட்டத்தை 1974இல் முதன்முதலில் இயற்றிய மாநிலம் மேரிலாந்துதான். அதனை நீக்க வேண்டுமென மக்கள் சட்டமன்றக் குழுக்கள்முன் ஆண்டுதோறும் சென்று வாதாடினர். 2021 ஏப்ரலில், ஆளுநரின் மறுப்பையும் மீறிச் சட்டமன்றம் அச்சட்டத்தை நீக்கியது. ஒவ்வொரு மாவட்டத்திலும் பொதுமக்களைக் கொண்ட பொறுப்புக் குழு அமைய வழி பிறந்தது. இசை ஒரு மாலை, உழைப்போ ஆறாண்டு!

இதே பால்டிமோரில் 1908இல் பிறந்தவர்தான் தர்குட் மார்ஷல். கறுப்பினத்தாருக்கு மூடிக் கிடந்த மேரிலாந்து சட்டக் கல்லூரியின் கதவை 1935இல் வழக்காடித் திறந்தவர். பின்னர் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானவர். அந்நகரம் சட்டத்தைப் படித்தே வழி கண்டது.

இளைஞர்களே, என் குறை ஒன்றையும் இங்குக் கூறியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், என் மாணவன் ஒருவனை இரவில் ஒரு காவல் நிலையத்திற்குக் கொண்டு சென்றனர். எங்கோ ஒரு மிதிவண்டி காணாமற் போனதாம். சேரிப் பையன் என்பதன்றி வேறு காரணம் இல்லை. அவன் தந்தையுடன் நானும் சென்றேன். "வாத்தியாருக்கு இங்கென்ன வேலை?" என்றனர். விடியுமளவும் புளியமரத்தடியில் நின்றோம். காலையில் வீங்கிய கன்னத்துடன் அவன் வெளியே வந்தான். அதன்பின் அவன் பள்ளிக்கு வரவேயில்லை.

1996இல் டி. கே. பாசு வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அப்போதே நடைமுறையில் இருந்தது. கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சியின் ஒப்பம் பெற வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும். காவலர் பெயர்ப் பட்டை அணிய வேண்டும் என்பவை அதன் கட்டளைகள். பட்டம் பெற்ற நான் அவற்றுள் ஒன்றையும் அறியாமல் மரத்தடியில் நின்றேன். அது இன்றும் என் நெஞ்சைச் சுடுகிறது.

ஆதலின் கழகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். அக்கட்டளைகளைத் தெளிந்த தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, நம் படிப்பகத்தின் சுவரில் தொங்கவிடுங்கள். நம் பிள்ளைகள் பறையிசையில் வல்லவர்கள். ஆண்டு விழாவில் அவர்கள் முழக்கட்டும், ஊர் திரளட்டும். ஊர் திரண்டதும் ஒரு மாணவி எழுந்து அக்கட்டளைகளை உரக்கப் படிக்கட்டும். இனி நம் பிள்ளைக்காகக் காவல் நிலைய வாயிலில் நிற்பவர், கேட்க வேண்டியதை அறிந்து நிற்கட்டும்.